காருக்குள் இருக்கும் வசதிக்கு மாதச் சந்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷங்களுக்கு முன்பு வரை கார் வாங்குவது ஒரே கணக்கு. விலையைக் கொடுத்தோம், சாவியை வாங்கினோம், அதற்குள் என்ன இருக்கிறதோ அத்தனையும் நம்முடையது. இப்போது சில கார்களில் சீட்டுக்குள் ஹீட்டர் இருக்கிறது, ஆனால் சூடாகாது. மோட்டாரில் சக்தி இருக்கிறது, ஆனால் முழுதாக வெளியே வராது. பணம் கட்டினால் வரும், நிறுத்தினால் போய்விடும். புதுக் கார் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு முழிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் பொருத்தி விற்ற பொருளுக்கு மறுபடி வாடகை கேட்பது நியாயமில்லை என்று நினைக்கிறவன் நான்.

பொருள் காரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை?

சூடாகும் சீட்டையே எடுத்துக்கொள்வோம். குளிர் நாடுகளில் இது சாதாரண வசதி. சீட்டின் மேலுறையை உரித்துப் பார்த்தால், ஃபோமின் மேல் மெல்லிய துணி மாதிரி ஒரு விரிப்பு ஒட்டியிருக்கும். அதில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கம்பி. கரண்ட் பாய்ந்தால் கம்பி சூடாகும்; இஸ்திரிப் பெட்டியில் நடப்பதும் இதுதான். பக்கத்திலேயே மிளகளவு ஒரு சென்சார், சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க. இரண்டின் வயரும் ஒரு சின்ன கன்ட்ரோல் பெட்டிக்குப் போகும்.

பழைய கார்களில் பொத்தானை அழுத்தினால் ரிலே என்ற மின் சுவிட்ச் மூடும், கரண்ட் போகும், அவ்வளவுதான். புதிய கார்களில் பொத்தானுக்கும் கம்பிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ‘சீட்டைச் சூடாக்கு’ என்ற செய்தியை மட்டும்தான் பொத்தான் அனுப்பும். செய்தி கிடைத்ததும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், இந்தக் காருக்கு இந்த வசதி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். அந்த அனுமதி கம்பெனியின் சர்வரிலிருந்து இணையம் வழியாக வரும் ஒரு டிஜிட்டல் சான்று. உங்கள் காரின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். சந்தா என்றால் முடியும் தேதியும் இருக்கும். தேதி தாண்டிவிட்டால் கம்பி நன்றாக இருந்தாலும், ஃப்யூஸ் நன்றாக இருந்தாலும், சீட் சில்லென்றுதான் இருக்கும்.

எல்லாக் காரிலும் எல்லாவற்றையும் பொருத்தினால் கம்பெனிக்கு நஷ்டம்தானே?

பலருக்கும் இங்கேதான் குழப்பம். உண்மையில் லாபம். பத்து வசதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ‘வேண்டும், வேண்டாம்’ என்று வாங்குபவர் தேர்வுக்கு விடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024 விதமான கார்கள். ஒவ்வொன்றுக்கும் வயரிங் கொஞ்சம் மாறும், சீட் மாறும், டேஷ்போர்டில் பொத்தான் மாறும். அத்தனை வகை உதிரிகளையும் ஸ்டாக்கில் வைத்து, சரியான காருக்குச் சரியானது போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது பெரிய தலைவலி. எல்லாக் காரையும் ஒரே மாதிரி கட்டிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். சில நூறு ரூபாய் கம்பியை மிச்சம் பிடிப்பதைவிட அது பெரிய மிச்சம்.

ஆக, ஒரே மாதிரி கட்டுவது கம்பெனியின் வசதிக்காக எடுத்த முடிவு. அதில் மிச்சமான பணமும் கம்பெனிக்குத்தான். பிறகு அதே பொருளைப் பூட்டிவைத்து இன்னொரு முறை பணம் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த யோசனை காரில் பிறந்ததும் இல்லை. 2010-ல் இன்டெல் கம்பெனி ஒரு பென்டியம் சிப்பை வேண்டுமென்றே திறன் குறைத்து விற்றது. கடையில் 50 டாலர் கார்டு ஒன்றை வாங்கி, அதிலுள்ள எண்ணைத் தட்டினால் சிப்பின் மீதித் திறன் திறக்கும். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த வருஷமே அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இது எங்கே பெரிய செய்தியாக வெடித்தது?

2022 ஜூலையில், பிஎம்டபிள்யூவால். தென் கொரியா உட்படச் சில நாடுகளில் முன் சீட் ஹீட்டருக்கு மாதச் சந்தா வைத்திருந்தது வெளியே தெரிந்தது. மாதத்துக்குச் சுமார் 18 டாலர், வருஷத்துக்கு 180, மூன்று வருஷத்துக்கு 300, நிரந்தரமாகத் திறக்க 415 டாலர். இத்தனைக்கும் அது புதிதாகக் கண்டுபிடித்த திட்டம் இல்லை. 2020-லேயே, காரில் இருக்கும் வசதிகளைத் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி அறிவித்திருந்தது. அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ‘சீட் சூடாக மாதம் 18 டாலர்’ என்று ஒரு வரியில் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது.

பிஎம்டபிள்யூ மட்டும்தானா?

இல்லை. எனக்கு அதிகம் உறுத்தியவை மட்டும் சொல்கிறேன்.

மெர்சிடிஸின் ஈக்யூஎஸ் மின்சாரக் காரில் பின் சக்கரங்களும் திரும்பும். இறுக்கமான இடத்தில் வளைத்து நிறுத்த அது நல்ல உதவி. சாதாரணமாக 4.5 டிகிரி வரை திரும்பும். ஜெர்மனியில் 2021-ல், வருஷத்துக்கு 489 யூரோ கட்டினால் அதே சக்கரங்கள், அதே மோட்டாரை வைத்து 10 டிகிரி வரை திரும்பும் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் இன்னொன்று: வருஷத்துக்கு 1,200 டாலர் கொடுத்தால் ஈக்யூஎஸ், ஈக்யூஈ கார்களின் வேகமெடுக்கும் திறன் கூடும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலைத் தொடும் நேரம் 0.8 முதல் 1 வினாடி வரை குறையும். ஸ்பேனரைக்கூட யாரும் எடுக்க வேண்டியதில்லை. மோட்டாரும் பேட்டரியும் முன்பு இருந்தவையேதான்.

2025 ஆகஸ்டில் வோக்ஸ்வாகன் பிரிட்டனில் ஐடி 3 காருக்கு இதையே செய்தது. 201 குதிரைத்திறன் காரை 228 ஆக்க மாதம் 16.50 பவுண்ட், வருஷத்துக்கு 165, வாழ்நாளுக்கு 649. இதில் ஒரு விவரத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்தக் கார் 228 குதிரைத்திறன் என்றுதான் பதிவாகிறது. ஆகவே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது கம்பெனியின் விளக்கம். அதாவது காகிதத்தில் உங்களிடம் இருப்பது 228. மிதித்தால் வருவது 201.

டொயோட்டாவின் கதை இன்னும் விசித்திரம். காரின் சாவியிலேயே ஒரு பொத்தான், தூரத்திலிருந்து அழுத்தினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். சாவிக்கும் காருக்கும் நடுவில் போவது ரேடியோ அலை. அங்கே சர்வருக்கோ செல்போன் டவருக்கோ வேலையே இல்லை. ஆனாலும், மாதம் 8 டாலர் இணையச் சந்தா முடிந்துபோனால் அந்தப் பொத்தானும் செத்துவிடும் என்பது 2021 டிசம்பரில் அமெரிக்காவில் தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை செய்வதாக டொயோட்டா சொன்னது.

எல்லாச் சந்தாவுமே தவறு என்கிறீர்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நான் வைத்துப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: நான் இந்த வசதியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாதமும் கம்பெனிக்குச் செலவு ஆகிறதா?

நேரலைப் போக்குவரத்து நெரிசலைக் காட்டும் வரைபடம் என்றால் ஆகிறது. காருக்குள் ஒரு சிம் இருக்கிறது, டேட்டாவுக்கு யாரோ பணம் கட்டுகிறார்கள், வரைபடத்தை ஆட்கள் புதுப்பிக்கிறார்கள். அதற்கு மாதக் கட்டணம் கேட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆப் வழியாகக் கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும், விபத்து நடந்தால் ஆள் ஒருவர் போனில் வந்து பேசுவதும் அப்படித்தான்.

சீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு என்ன செலவு? அது சூடாகத் தேவைப்படும் கரண்ட்கூட என் பெட்ரோலிலிருந்தோ நான் சார்ஜ் செய்த பேட்டரியிலிருந்தோதான் வருகிறது. பின் சக்கரம் கூடுதலாக 5.5 டிகிரி திரும்புவதால் கம்பெனிக்கு ஒரு பைசா போகாது.

இரண்டுக்கும் நடுவில் சில உண்டு. ஓட்டும் வேலையில் பெரும்பகுதியைக் காரே பார்த்துக்கொள்ளும் வசதிகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெஸ்லா எல்லாமே சந்தா வாங்குகின்றன. டெஸ்லா 2021 ஜூலையில் மாதம் 199 டாலர் என்று ஆரம்பித்து, 2024 ஏப்ரலில் 99 ஆகக் குறைத்தது. கேமரா காரிலேயே இருக்கிறது, ஆனால் மென்பொருளை ஆட்கள் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தமாக ஒரே விலை கொடுத்து வாங்கும் வழியும் வேண்டும், மாதச் சந்தா மட்டும்தான் என்று மூலையில் தள்ளக்கூடாது.

‘வேண்டியவர்கள் மட்டும் கட்டட்டும், வேண்டாதவர்களுக்குக் காரின் விலை குறையும்’ என்று கம்பெனி சொல்கிறதே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று விடலாம், குளிர்காலத்துக்கு மட்டும் எடுக்கலாம், பழைய கார் வாங்குபவர் முதல் உரிமையாளர் எடுக்காததைத் தான் எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் உண்மையான நன்மைகள். ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் ஒரு வசதி தேவைப்படுகிற ஆளுக்கு இது உபயோகம்தான்.

ஆனால் விலை குறையும் என்பதை யார் எங்கே காட்டினார்கள்? ஹீட்டர் கம்பிக்கான செலவு காரின் அடக்க விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதை வாங்குகிறவர்கள் எல்லோரும் பிரித்துச் சுமக்கிறோம், பொத்தானையே தொடாதவர் உட்பட. இன்னொரு பக்கம், இந்தக் கம்பெனிகள் தங்கள் பங்குதாரர்களிடம் பேசுவதையும் கேட்க வேண்டும். மென்பொருள், சேவைகள் மூலம் 2030-க்குள் வருஷத்துக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி டாலர் வருமானம் ஈட்டுவது இலக்கு என்று ஜெனரல் மோட்டார்ஸ் 2021-ல் அறிவித்தது. விலையைக் குறைக்கத்தான் சந்தா என்றால் அதை வருமான இலக்காக அறிவிக்க வேண்டிய அவசியம் வராது.

மாதக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வோக்ஸ்வாகனின் 16.50 பவுண்டை மாதாமாதம் கட்டிக்கொண்டே போனால் 40-வது மாதத்தில் வாழ்நாள் விலையான 649-ஐத் தாண்டிவிடும். அதற்குப் பிறகும் நிறுத்தினால் வசதி போய்விடும்.

பூட்டியிருக்கும் பாகம் பழுதானால் யார் செலவு?

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் ஷோரூமில் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் சந்தா கட்டவில்லை. ஆனாலும் மோட்டாரும் கம்பியும் சென்சாரும் உங்கள் காரில்தான் ஊர் சுற்றுகின்றன. அவற்றின் எடையை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். வாரன்டி முடிந்த பிறகு அதில் ஷார்ட் ஆகி டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், நீங்கள் ஒரு நாளும் பயன்படுத்தாத பாகத்துக்கு நீங்கள் ரிப்பேர் செலவு செய்ய வேண்டும். வாடகை வீட்டில் குழாய் உடைந்தால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே வாடகை அவர்களுக்கு, உடைந்த குழாய் நமக்கு.

யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பிணங்குவது என்பார்கள். விலை பேசும்போது அற்பமாகத் தெரியும் அங்குசம்தான் யானையை நடத்துகிறது. கார் விஷயத்தில் யானைக்குத் தீனி போடுவது நாம், அங்குசத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது விற்றவர்.

ஒருமுறை திறந்த வசதியைத் திரும்பப் பறிக்க முடியுமா?

தொழில்நுட்பம் தாராளமாக இடம் கொடுக்கிறது. நடந்தும் இருக்கிறது. 60 யூனிட் பேட்டரியோடு வந்த டெஸ்லா மாடல் எஸ் 60 ஒன்றில் பேட்டரி பழுதாக, வாரன்டியில் கம்பெனியே 90 யூனிட் பேட்டரியை மாற்றிக் கொடுத்தது. பிறகு அந்தக் கார் கைமாறி மூன்றாவது உரிமையாளரிடம் வந்தது. அவர் 90 என்று நம்பித்தான் வாங்கினார். 2022-ல் வேறு வேலைக்குச் சர்வீஸ் விட்டு எடுத்த பிறகு, கம்பெனி தொலைவிலிருந்தே காரை மறுபடி 60 ஆக்கிவிட்டது. ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தில் 80 மைல் காணாமல் போனது. திறந்துவிட 4,500 டாலர் கேட்டார்கள். விஷயம் பொதுவெளிக்கு வந்து பலரும் பேசிய பிறகே திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது, 75 யூனிட் பேட்டரியை வைத்துக்கொண்டு குறைந்த அளவுக்குப் பூட்டி விற்கப்பட்ட கார்களை டெஸ்லா தொலைவிலிருந்தே சில நாட்களுக்கு முழுதாகத் திறந்துவிட்டது, மக்கள் ஊரைக் காலி செய்து போகட்டும் என்று. நல்ல காரியம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. உயிருக்கு ஓடுகிறவரின் வண்டிக்குள்ளேயே மீதித் தூரத்துக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்க இடம் இருந்தது. அதைத் திறக்கும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

பாதுகாப்பு வசதிகளையும் இப்படிப் பூட்டலாமா?

கூடாது. இதில் நான் சமரசத்துக்கே தயாரில்லை.

2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், லேக் கவுண்டியில் நடந்தது இது. ஒரு தாயின் வோக்ஸ்வாகன் காரைத் திருடர்கள் கடத்திப் போனார்கள். உள்ளே அவருடைய இரண்டு வயதுக் குழந்தை. கார் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஷெரிஃப் அலுவலகம் கம்பெனியின் இணையச் சேவையை அழைத்தது. இலவசக் காலம் முடிந்துவிட்டது, 150 டாலர் கட்டினால்தான் இருப்பிடத்தைக் காட்ட முடியும் என்று பதில் வந்தது. காவல்துறை கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை. குழந்தை கடைசியில் கிடைத்துவிட்டது, நல்லபடியாக. அவசர நேரத்துக்கான நடைமுறை ஒன்று இருக்கிறது, சேவையை நடத்தும் ஒப்பந்த நிறுவனம் அதை மீறிவிட்டது என்று வோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது. பிறகு பாதுகாப்புச் சேவையை ஐந்து வருஷம் இலவசமாகவும் ஆக்கியது.

அந்த அழைப்பை எடுத்த ஊழியர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன்னால் இருந்த திரையில் ‘சந்தா முடிந்தது’ என்று இருந்திருக்கும். திரை சொன்னதை அவர் சொன்னார். பூட்டு என்று ஒன்றை வைத்தால் அது எந்த நேரத்தில் யாருக்கு முன்னால் பூட்டிக்கிடக்கும் என்பதை வைத்தவராலும் முடிவு செய்ய முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் தெளிவாக இருக்கிறது. 2018 மார்ச் 31 முதல் அங்கே அனுமதி பெறும் புதிய மாடல் கார்கள், விபத்து நடந்தால் தானாகவே அவசர எண் 112-ஐ அழைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

பழைய கார் வாங்கினால் இந்த வசதிகள் கூடவே வருமா?

சில வரும், சில வராது. பார்த்து வாங்காவிட்டால் தெரியாது.

எனக்கு நெருங்கிய ஒருவர் மூன்று வயதான கார் ஒன்றை வாங்கினார். ஓட்டிப் பார்க்கும்போது நானும் பின் சீட்டில் இருந்தேன். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை விற்பவர் போட்டுக் காட்டினார். அழகாக வேலை செய்தது. விலை படிந்தது, பேர் மாற்றியாயிற்று, பழையவர் தன் போன் ஆப்பிலிருந்து காரை நீக்கினார். சில நாள் கழித்து நெடுஞ்சாலையில் ஏறி ஸ்டீயரிங்கில் அதே பொத்தானை அழுத்தினால், ‘இந்தச் சேவை செயலில் இல்லை’ என்று திரையில் வந்தது. விற்றவரைப் போனில் பிடித்தோம். அவர் பதறிவிட்டார். மாதச் சந்தாவில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. கார்டிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் வாங்கியவர், தன்னிடம் இல்லாத ஒன்றுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டார்.

அதனால்தான் ‘வாழ்நாள்’ என்ற சொல்லைப் பார்த்தால் யாருடைய வாழ்நாள் என்று கேட்கச் சொல்கிறேன். காரின் வாழ்நாளா, முதல் உரிமையாளர் வைத்திருக்கும் வரையா? வோக்ஸ்வாகனின் 649 பவுண்ட் காரோடு சேர்ந்தது, விற்றாலும் கூடவே போகும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

கம்பெனியே மூடிவிட்டால்?

ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் கம்பெனி 2024 ஜூனில் திவாலானது. அதன் ஓஷன் கார்களை வாங்கியவர்கள் சாஃப்ட்வேர் அப்டேட்டும் உதிரி பாகமும் எங்கே கிடைக்கும் என்று தவித்தார்கள். கடைசியில் உரிமையாளர்களே சங்கம் அமைத்துத் தங்கள் கார்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

கம்பெனி மூட வேண்டும் என்றுகூட இல்லை. செல்போன் நெட்வொர்க் மாறினாலே போதும். 2016-க்கு முன்பு வந்த நிசான் லீஃப் கார்களில் இருந்தது 2ஜி தொடர்பு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்தக் கார்களுக்கான ஆப்பை நிசான் நிறுத்தியது. காலையில் போனிலிருந்தே காரின் உள்ளே இதமாக்கி வைக்கும் வசதி அன்றோடு போனது. கார் என்னவோ நன்றாக ஓடுகிறது. இயந்திரம் பதினைந்து இருபது வருஷம் உழைக்கும், அதன் உள்ளிருக்கும் மோடம் அவ்வளவு காலம் தாங்காது. சர்வரிடம் அனுமதி கேட்டு இயங்கும் எந்த வசதிக்கும் இந்த ஆயுசுக் கணக்கு பொருந்தும்.

பூட்டை உடைக்க முடியாதா?

முடிந்திருக்கிறது. 2023-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள், டெஸ்லாவின் திரைக் கம்ப்யூட்டருக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சரியான நொடியில் தட்டிவிட்டு, பணம் கட்டித் திறக்க வேண்டிய பின் சீட் ஹீட்டர் போன்றவற்றைத் திறக்கலாம் என்று காட்டினார்கள். ஆனால் இதை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாரன்டி போகும், அடுத்த அப்டேட்டில் மறுபடி பூட்டு விழலாம், நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பேசிக்கொள்ளும் அதே வயரிங்கில் தெரியாதவர் கை வைப்பது ஆபத்தும்கூட.

சட்டம் என்ன செய்கிறது?

மெதுவாக நகர்கிறது. 2022-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். விற்கும்போதே காரில் பொருத்தப்பட்டிருக்கிற, கம்பெனிக்குத் தொடர்ந்து செலவு வைக்காத வசதிக்குச் சந்தா வாங்கக்கூடாது என்பது அதன் சாரம். நான் மேலே சொன்ன அதே அளவுகோல். அதைச் சட்ட மொழியில் எழுத முடியும் என்று காட்டியதற்காகவே எனக்கு அந்த மசோதா பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், மென்பொருள் சேர்ந்த பொருளை விற்பவர் அது ஒழுங்காக இயங்கத் தேவையான அப்டேட்டுகளைத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது சந்தாவைத் தடுக்காது, ஆனால் விற்றதோடு கைகழுவ விடாது.

சந்தாவோடு என் தகவலும் போகிறதா?

கார் எப்போதும் சர்வரோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்றால், எங்கே போகிறீர்கள், எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதும் போகக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆன்ஸ்டார் என்ற இணையச் சேவை மூலம் ஓட்டுநர்களின் தகவலைச் சேகரித்து, தகவல் விற்கும் நிறுவனங்களுக்குக் கொடுத்தது, அது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வரை போனது என்று 2024-ல் வெளிவந்தது. சிலருக்கு பிரீமியமே ஏறியிருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்து, அந்த மாதிரி நிறுவனங்களுக்கு ஓட்டுநர்களின் தகவலை ஐந்து வருஷம் கொடுக்கக்கூடாது என்றது. சந்தாவில் சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டும் அந்தப் பக்கத்தை ஒரு தடவையாவது படியுங்கள்.

நாம் வேண்டாம் என்று சொல்லி ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, அதுவும் கண்ணெதிரே. ஐபோனைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளே வசதிக்கு பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் வருஷம் 80 டாலர் வாங்கியது. மற்ற கம்பெனிகள் சும்மா கொடுக்கும்போது இது என்ன என்று வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2019 டிசம்பரில் கட்டணத்தை எடுத்தார்கள். சீட் ஹீட்டர் சந்தாவும் அப்படியே. 2023 செப்டம்பரில் மியூனிக் கார் கண்காட்சியின்போது, பிஎம்டபிள்யூவின் விற்பனைப் பொறுப்பிலிருந்த பீட்டர் நோட்டா அதைக் கைவிடுவதாகச் சொன்னார். இரண்டு முறை பணம் கொடுப்பதாக மக்கள் உணர்கிறார்கள் என்பதையும், அது உண்மை இல்லை என்று தாங்கள் நினைப்பதையும் சேர்த்தே சொன்னார். இனி சீட் ஹீட்டர் தொழிற்சாலையில் வாங்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அதே நேரம், மென்பொருள் வசதிகளுக்கான சந்தாவை விட்டுவிடப் போவதில்லை என்பதும் அவர்கள் நிலை.

சரி, வாங்கும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் காரில் எல்லாமே திறந்திருக்கும். அதைப் பார்த்து மயங்கிவிடாமல், உங்கள் பேரில் வரப்போகும் காரில் எது நிரந்தரம், எது இலவசக் காலம், அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, அதன் பிறகு எவ்வளவு என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். ‘எல்லாம் இருக்கிறது சார்’ என்ற வாய்ப்பேச்சு போதாது. இணையம் இல்லாத இடத்தில் எந்தெந்தப் பொத்தான் வேலை செய்யும் என்றும், பூட்டியிருக்கும் பாகத்துக்கு வாரன்டி உண்டா என்றும் கேளுங்கள். விற்பனையாளருக்கே பதில் தெரியாமல் போகலாம். தெரிந்து சொல்லட்டும், காத்திருங்கள். இலவசக் காலத்துக்குச் சேரும்போது கார்டு எண்ணைக் கேட்டால், முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு போனில் அலாரம் வையுங்கள்.

பழைய கார் என்றால் பணத்தைக் கொடுப்பதற்கு முன், விற்பவரைத் தன் ஆப் கணக்கிலிருந்து காரை நீக்கச் சொல்லுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கார் நிற்கும்போதே பார்க்கக்கூடியதை அங்கேயே பாருங்கள், வேகம் தேவைப்படுவதற்கு இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள்.